பிரிவு வேறு, துண்டாடல் வேறு



இன்றைய பேச்சில் நாம் ஆராய எடுத்துக்கொள்ளும் ஆங்கிலச் சொல் ‘ஃபிராக்மென்டேஷன்’ என்பது. கேட்பதற்குக் கரடுமுரடான சொல்லாக இருக்கலாம். ஆனால் நம் நாட்டுத் தோட்டப்புறத் தமிழர்களுக்கு இது அகராதியில் மட்டும் கண்ட சொல் அன்று. ஒரு காலத்தில் ஆங்கிலம் அறியாத பால்மரத் தொழிலாளர்கள்கூட இந்தச் சொல்லின் பொருளை நன்கு அறிந்திருந்தார்கள். அது எப்படி என்பதைப் பின்னர்ச் சொல்கிறேன்.

நான் செபராங் பிறையில் ஒரு தோட்டத் தமிழ்ப்பள்ளியில் ஆசிரியையாகப் பணியாற்றுகிறேன். இன்று பாலம் கடந்து, ஜார்ஜ் டவுனிலிருந்து உங்களோடு பேசுகிறேன். சில வாரங்களுக்கு முன் ஐந்தாம் ஆண்டு ஆங்கில வகுப்பில் ஒரு பாடம் நடந்துகொண்டிருந்தது. அதில் ‘ஃபிராக்மென்ட்’ என்ற சொல் வந்தது. ஒரு மாணவி எழுந்து, “டீச்சர், டிவைட் என்றாலும் பிரிக்கிறதுதான், ஃபிராக்மென்ட் என்றாலும் பிரிக்கிறதுதான். அப்புறம் எதுக்கு ரெண்டு சொல்லு?” என்று கேட்டாள். கேள்வி சிறியதுதான். ஆனால் அன்று முழுவதும் அது என் மனத்தை விட்டு நீங்கவில்லை.

வகுப்பில் நான் சொன்ன விடையை முதலில் கூறுகிறேன். டுரியான் பழம் நம் எல்லாருக்கும் தெரியும். பினாங்கில் பாலிக் புலாவ் டுரியானுக்குத் தனிப் பெயரே உண்டு. பழக்கப்பட்டவர் டுரியானைக் கண்டபடி வெட்டமாட்டார். பழத்தின் மேல் மெல்லிய கோடுகள் ஓடுகின்றன. பெரும்பாலும் ஐந்து கோடுகள் இருக்கும். அந்தக் கோட்டைப் பார்த்துக் கத்தியை நுழைத்தால் பழம் தானாக அறை அறையாகப் பிரிந்து கொடுக்கும். ஒவ்வோர் அறையிலும் சுளைகள் முழுமையாக இருக்கும். இதுதான் ‘டிவிஷன்’. இனி, ஒரு கண்ணாடிக் குவளை கைதவறிச் சிமெண்டுத் தரையில் விழுகிறது. அதுவும் பல பகுதிகளாகிறது. ஆனால் அந்தச் சில்லுகளில் எதிலாவது தண்ணீர் குடிக்க முடியுமா? முடியாது. அதுதான் ‘ஃபிராக்மென்டேஷன்’.

ஆகவே, எத்தனை பகுதிகள் ஆயின என்பதில் இந்த இரு சொற்களின் வேறுபாடு இல்லை. பிரித்த பிறகும் முழுமை நிற்கிறதா, இல்லையா என்பதில்தான் இருக்கிறது. ‘டிவைட்’ செய்யும்போது பகுதிகள் முழுமையை மறப்பதில்லை. நாடாளுமன்றத்தில் வாக்கெடுப்புக்கு ‘டிவிஷன்’ என்று பெயர். உறுப்பினர்கள் ஆதரவு, எதிர்ப்பு என்று இரு பக்கமாகப் பிரிகிறார்கள். எண்ணி முடித்ததும் மன்றம் பழையபடி ஒரே மன்றமாக நடக்கிறது. ‘ஃபிராக்மென்ட்’ ஆனால் முழுமை போய்விடுகிறது, துண்டுகள்தாம் மிஞ்சுகின்றன.

இனிச் சொல்லின் பிறப்பைப் பார்ப்போம். இலத்தீன் மொழியில் உடைத்தல் என்று பொருள்படும் ஒரு வினைச்சொல் உண்டு. அதிலிருந்து ஆங்கிலத்தில் ஒரு குடும்பமே பிறந்திருக்கிறது. எலும்பு முறிந்தால் மருத்துவர் ‘ஃபிராக்சர்’ என்கிறார். எளிதில் உடையும் பொருள் கொண்ட பொட்டலத்தின் மேல் ‘ஃபிராஜைல்’ என்று ஒட்டுகிறார்கள். கணக்கில் அரை, கால் ஆகியவற்றை ‘ஃபிராக்ஷன்’ என்கிறோம். இவை எல்லாம் ‘ஃபிராக்மென்ட்’டின் உடன்பிறப்புகள்.

இதில் ஓர் அழகான ஒற்றுமை இருக்கிறது. ‘ஃபிராக்ஷன்’ என்பதற்கு நாம் பள்ளியில் சொல்லும் தமிழ்ச் சொல் என்ன? ‘பின்னம்’. அதுவும் உடைந்தது, பிளந்தது என்ற பொருளுடைய வடசொல்லிலிருந்து வந்ததே. கோயிலில் கையோ மூக்கோ உடைந்த சிலையைப் ‘பின்னமான சிலை’ என்று பெரியவர்கள் சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். தொலைவில் இருந்த இரண்டு மக்கள் கூட்டத்தாரும் கணக்கில் ஒன்றைப் பகுத்தபோது, உடைந்த பொருளையே நினைத்துப் பெயர் வைத்திருக்கிறார்கள்.

ஆனால் தமிழரிடம் இன்னொரு கணக்கும் இருந்தது. பழைய தமிழ்க் கணக்கில் இருபதில் ஒரு பங்குக்கு ‘மா’ என்றும், எண்பதில் ஒரு பங்குக்குக் ‘காணி’ என்றும் பெயர். நான்கு காணி சேர்ந்தால் ஒரு மா. இருபது மா சேர்ந்தால் ஒன்று. இந்த மாவும் காணியும் நில அளவுகளின் பெயர்களும் ஆகும். எண்ணின் பகுதிக்கும் நிலத்தின் பகுதிக்கும் ஒரே பெயர் வழங்கியது. காணி என்றால் நிலம். காணி என்றால் பங்கு. பங்கு என்பது முழுமையோடு உறவுடையது என்ற எண்ணம் இந்தப் பெயர்களிலேயே இருக்கிறது.

மாணவ நேயர்களுக்காகச் சொல்லின் வழக்கையும் சிறிது விளக்கிவிடுகிறேன். ‘ஃபிராக்மென்ட்’ என்பது பெயர்ச்சொல்லாக வரும்போது முதல் அசையை அழுத்திச் சொல்ல வேண்டும். வினைச்சொல்லாக வரும்போது பொதுவாக இரண்டாம் அசையில் அழுத்தம் விழும். எழுவாய், பயனிலை நிரம்பாமல் பாதியில் நிற்கும் வாக்கியத்தை ஆங்கில இலக்கணத்தில் ‘சென்டென்ஸ் ஃபிராக்மென்ட்’ என்பார்கள். கட்டுரைத் தாளில் ஆசிரியர் சிவப்பு மையில் இப்படி எழுதினால், ‘உன் வாக்கியம் உடைந்து கிடக்கிறது’ என்று பொருள். ‘டிவைட்’ என்னும் சொல்லுக்கோ பின்னால் வரும் சிறு சொற்கள் முக்கியம். ஆப்பிள் நான்கு துண்டாகும்போது ‘டிவைடட் இன்டு’. பன்னிரண்டை மூன்றால் வகுக்கும்போது ‘டிவைடட் பை’. பிள்ளைகள் பலருக்குப் பகிர்ந்து கொடுக்கும்போது ‘டிவைடட் அமங்’. இந்த மூன்றையும் மாற்றி எழுதுவதே நம் பிள்ளைகள் அதிகமாகச் செய்யும் பிழை.

நேயர்களே, இனி நான் முதலில் குறிப்பிட்ட செய்திக்கு வருகிறேன். தோட்டத்தில் பிறந்தவர்களுக்கு ‘டிவிஷன்’ என்பது தமிழ்ச் சொல்லைப் போலவே பழகிய சொல். ‘எந்த டிவிஷன் நீங்க?’ என்று கேட்டுத்தான் உறவு விசாரிப்பார்கள். பெரிய ரப்பர் தோட்டங்களை நிர்வாக வசதிக்காகப் பல டிவிஷன்களாகப் பிரித்திருந்தார்கள். ஒவ்வொன்றிலும் வேலை பார்க்கக் கிராணி, கங்காணி, மண்டோர் என்று ஆட்கள் உண்டு. ஆனால் எல்லா டிவிஷனுக்கும் ஒரே துரை, ஒரே பெரிய ஆபீஸ், ஒரே மருத்துவமனை, பெரும்பாலும் ஒரே பள்ளிக்கூடம். தோட்டம் பிரிந்திருந்தது, ஆனால் உடையவில்லை.

அந்தத் தோட்டங்கள் உடையத் தொடங்கியது 1950-களில். கொரியப் போரின்போது உச்சத்துக்கு ஏறிய ரப்பர் விலை பிறகு சரிந்தது. பல தோட்டங்களில் மரங்கள் முதிர்ந்திருந்தன. புதுக் கன்று நடுவதற்குப் பெரும் பணம் வேண்டும். 1957-ல் மலாயா விடுதலை பெறும் காலம் நெருங்கியபோது, ஐரோப்பியக் கம்பெனிகள் சில தங்கள் தோட்டங்களை விற்றுவிட்டுப் போக நினைத்தன. அவற்றை வாங்கிய இடைத்தரகர்களும் கூட்டு வியாபாரிகளும் தோட்டம் நடத்துவதற்காக வாங்கவில்லை. பெரிய தோட்டத்தை மொத்தமாக வாங்கி, சிறு சிறு நிலமாக அறுத்துப் பலருக்கு விற்றால் இலாபம் அதிகம் கிடைத்தது.

நிலத்தை அறுப்பது எளிது. அளவுக்காரர் வந்து கல் நட்டால் போதும். ஆனால் பள்ளிக்கூடத்தை எப்படி அறுப்பது? மருத்துவமனையை எத்தனை பங்காக்குவது? பத்துப் பேர் சேர்ந்து வாங்கிய தோட்டத்தில், ஆயாக் கொட்டகை யார் பங்கில் விழுகிறது? சிறு நிலக்காரர் ஒருவருக்கு நான்கைந்து ஆட்கள் போதும். அவர்களையும் குத்தகைக்காரர் மூலம் வைத்துக்கொள்வார். லயத்து வீடு அவருக்குத் தேவையில்லை. ஆகவே வேலை போனது. வேலையோடு வீடு போனது. வீட்டோடு பிள்ளைகளின் படிப்பும் போனது.

என் பாட்டி அப்படிப்பட்ட ஒரு தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். அந்த நாளைப் பற்றி அவர் அதிகம் பேசமாட்டார். ஒரு முறை சொன்னார்: “காலையில வழக்கம்போல பெரட்டுக்குப் போனோம்மா. கிராணி பேரு கூப்பிடல. சாக்கடைக்கு இந்தப் பக்கம் ஒரு மொதலாளி, அந்தப் பக்கம் ஒரு மொதலாளின்னாங்க. என் நெரை பாதி இங்க, பாதி அங்க.” நிரை என்றால் ஒருவர் வெட்டுவதற்கென ஒதுக்கிய மர வரிசை என்பது தோட்டப்புற நேயர்களுக்குத் தெரியும். ஆண்டுக்கணக்கில் தன் மரம் என்று நினைத்துத் துடைத்து மங்கு வைத்த வரிசை, ஒரே இரவில் இரண்டு பேருடைய சொத்தாகிவிட்டது. பாட்டிக்கு ஆங்கிலம் தெரியாது. ஆனால் அவர் சொன்னது ‘ஃபிராக்மென்டேஷன்’ என்ற சொல்லுக்கு நான் கேட்ட மிகச் சரியான விளக்கம்.

இங்கே சொல்லாராய்ச்சிக்குரிய ஒரு செய்தி உண்டு. ஒரே நிகழ்ச்சிக்கு அந்நாளில் இரண்டு பெயர்கள் வழங்கின. பேராசிரியர் உங்கு அசிஸ் 1951 முதல் 1960 வரை நடந்ததை விரிவாக ஆராய்ந்து எழுதிய அறிக்கையின் தலைப்பில் ‘சப்டிவிஷன்’ என்ற சொல்லே இருக்கிறது. அதாவது உட்பிரிவு. தொழிற்சங்கத்தினரும் தோட்ட மக்களின் தலைவர்களும் ‘ஃபிராக்மென்டேஷன்’ என்றார்கள். தமிழில் அது ‘தோட்டத் துண்டாடல்’ ஆயிற்று. முன்னது நில வரைபடத்தைப் பார்த்துச் சொல்லும் சொல். பின்னது லயத்தைப் பார்த்துச் சொல்லும் சொல். இரண்டும் பொய்யல்ல. ஆனால் எங்கே நின்று பார்க்கிறோமோ அதற்கேற்பச் சொல் வருகிறது. ‘துண்டாடல்’ என்று பெயர் வைத்தவர் யாரோ, அவர் நன்றாகவே வைத்தார். களவு களவாடுதல் என்பதைப் போல, ‘ஆடுதல்’ சேரும்போது துண்டு போடும் செயலின் கடுமையும் தெரிகிறது.

நம் நாட்டுச் சட்டத்திலும் இந்தச் சொற்கள் வரையறுக்கப்பட்டிருக்கின்றன. 1965-ஆம் ஆண்டு தேசிய நிலச் சட்டத்தில் மூன்று சொற்களைக் காணலாம். ஓர் உரிமையாளர் தம் நிலத்தைப் பல பட்டாக்களாகப் பிரித்துத் தாமே வைத்துக்கொள்வது ‘சப்டிவிஷன்’. மலாயில் ‘பெச்சா செம்பாடான்’. கூட்டாக நிலம் வைத்திருப்பவர்கள் ஆளுக்கொரு பங்காகப் பிரித்துக்கொள்வது ‘பார்ட்டிஷன்’. மலாயில் ‘பெச்சா பஹாகியான்’. நாம் பாகப்பிரிவினை என்போமே, அதுதான். பல நிலங்களை ஒன்றாக்குவது ‘அமால்கமேஷன்’, மலாயில் ‘சந்துமான்’. ‘பெச்சா’ என்றால் உடைதல், உடைத்தல். ‘பஹாகி’ என்பது நம் ‘பாகம்’ என்ற சொல்லோடு ஒரே வடமொழி மூலத்தில் பிறந்தது. உடைத்தலும் பங்கிடுதலும் ஒரே தொடரில் சேர்ந்து நிற்பதைக் கவனியுங்கள்.

அச்சட்டம் இன்னொன்றும் சொல்கிறது. பொதுவாக விவசாய நிலத்தை ஒரு ஹெக்டரில் ஐந்தில் இரண்டு பங்குக்கு, அதாவது ஏறத்தாழ ஓர் ஏக்கருக்குக் கீழ் உட்பிரிவு செய்யலாகாது. மேலும், ஒன்றையொன்று தொட்டுக்கிடக்கும் நாற்பது ஹெக்டருக்குக் குறையாத தோட்ட நிலத்தைக் கைமாற்றவோ உட்பிரிவு செய்யவோ வேண்டுமானால் தோட்ட நில வாரியத்தின் ஒப்புதல் தேவை. துண்டாடலின் கசப்பை நாடு கண்ட பிறகு சட்டத்தில் ஏறிய காவல் இது.

ஆனால் சட்டம் வருமுன்பே தொழிலாளர்கள் வேறொரு வழி தேடினார்கள். அன்று ம.இ.கா. தலைவராகவும் அமைச்சராகவும் இருந்த வீ. தி. சம்பந்தன், பின்னாளில் துன் பட்டம் பெற்றவர், தோட்டம் தோட்டமாகச் சென்று ஓர் எண்ணத்தை முன்வைத்தார். ‘தோட்டத்தைத் துண்டாடி விற்கிறார்கள், நாம் துளித்துளியாய்ப் பணம் சேர்த்து முழுத் தோட்டத்தையே வாங்குவோம்’ என்பது அதன் சாரம். அப்படி 1960-ல் பிறந்ததுதான் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம். ஒரு பங்கு நூறு வெள்ளி. அதை ஒரே நேரத்தில் கட்டத் தொழிலாளியால் முடியாது. ஆகவே மாதம் பத்து வெள்ளியாகக் கட்டினார்கள். நூறைப் பத்தால் வகுத்தால் பத்து மாதம். வகுத்தல் கணக்கு நம் மக்களுக்குக் கைகொடுத்த இடம் அது. மறு ஆண்டே, 1961-ல், நம் பினாங்குக்கு அடுத்த கெடா மாநிலத்தில் புக்கிட் சிடிம் தோட்டம் சங்கத்தின் முதல் தோட்டமாயிற்று.

இங்கே மூன்றாவது ஆங்கிலச் சொல் வருகிறது. அது ‘ஷேர்’. தமிழில் பங்கு. இதுவும் பகுத்தலைக் குறிக்கும் சொல்தான். ஆனால் துண்டு கையில் வந்ததும் முழுமை இல்லாமல் போகிறது. பங்கு கையில் இருக்கும்வரை முழுமையும் இருந்தாக வேண்டும். தோட்டம் இல்லாமல் தோட்டத்தின் பங்கு ஏது? அதனால்தான் கூடப் பிறந்த உரிமைக்காரனைப் பங்காளி என்கிறோம். பங்காளிகள் சண்டையிடுவதும் உண்டு. ஆனால் சண்டையிடும்போதுகூட அவர்கள் ஒரே சொத்தைப் பற்றித்தானே பேசுகிறார்கள்!

கூட்டுறவு எல்லாவற்றையும் காப்பாற்றிவிட்டது என்று நான் சொல்ல வரவில்லை. அது வாங்குவதற்குள் பல தோட்டங்கள் துண்டாகிவிட்டன. என் பாட்டியின் தோட்டமும் அவற்றுள் ஒன்று. பங்கு வாங்கியவருக்குத் தம் பெயரில் ஒரு காணி நிலம் கிடைத்துவிடவும் இல்லை. கிடைத்தது பங்குப் பத்திரம்தான். பிற்காலத்தில் வீடமைப்புக்கும் தொழிற்சாலைக்கும் போன தோட்டங்களோ இன்னும் பல. நம் செபராங் பிறையில் பத்து காவானைப் பாருங்கள். கரும்பும் ரப்பரும் செம்பனையும் கண்ட அந்த மண்ணில் இன்று விளையாட்டரங்கமும் தொழிற்பேட்டையும் நிற்கின்றன. 2014-ல் திறந்த இரண்டாம் பாலம் அங்கேதான் இறங்குகிறது. வேலைவாய்ப்பு வந்தது; அதை வரவேற்கத்தான் வேண்டும். ஆயினும் ஒரு தோட்டம் நகரமாகும்போது, அங்கே ஒன்றாக வாழ்ந்தவர்கள் ஒன்றாகவே இடம் மாறினார்களா, ஆளுக்கொரு திசையாகச் சிதறினார்களா என்று கேட்க வேண்டும். முன்னது நடந்த இடத்தில் ஒரு கோயிலும் ஒரு பள்ளியும் கூடவே போயிருக்கும். பின்னது நடந்த இடத்தில் முகவரிகள் மட்டுமே மிஞ்சியிருக்கும்.

நாட்டில் பல தமிழ்ப்பள்ளிகளின் பெயரில் இன்றும் ‘லாடாங்’ என்ற சொல் இருக்கிறது. லாடாங் என்றால் தோட்டம். ஆனால் பள்ளியின் வாசலில் நின்று பார்த்தால் தோட்டம் தெரியாது. சாலையும் கடைகளும் அடுக்குமாடிகளும் தெரியும். நான் வேலை செய்யும் பள்ளியும் அப்படித்தான். முழுத் தோட்டமும் போய், அதன் ஒரு துண்டு மட்டும் பெயரோடு நிற்கிறது.

இந்த இடத்தில் ‘ஃபிராக்மென்ட்’ என்ற சொல்லின் இன்னொரு வழக்கையும் சொல்ல வேண்டும். தொல்பொருள் ஆய்வாளர்களுக்கு அது மதிப்புக்குரிய சொல். தமிழ்நாட்டில் கீழடியில் தோண்டியபோது தமிழி எழுத்துப் பொறித்த பானை ஓடுகள் கிடைத்தன. முழுப் பானை இல்லை, ஓடுதான். ஆனால் அந்த ஓட்டில் ஒரு மனிதரின் பெயர் இருந்தது. அந்தத் துண்டைக் குப்பை என்று எறிந்திருந்தால் அந்தப் பெயர் நமக்குக் கிடைத்திராது. துண்டை வைத்திருப்பவர் அதைப் படிக்கத் தெரிந்தவராக இருந்தால், முழுமையின் வடிவத்தைப் பிறருக்குச் சொல்ல முடியும்.

அதனால் அந்த மாணவிக்கு மறுநாள் மேலும் ஒரு வேலை கொடுத்தேன். வீட்டில் பெரியவர்களிடம், ‘நம் குடும்பம் எந்தத் தோட்டம், எந்த டிவிஷன், அது என்ன ஆயிற்று?’ என்று கேட்டு, ‘டிவைட்’, ‘ஃபிராக்மென்ட்’, ‘ஷேர்’ மூன்றும் வரும்படி ஆங்கிலத்தில் மூன்று வாக்கியம் எழுதச் சொன்னேன். வகுப்பு முழுவதற்கும் அதே வேலைதான். எழுதி வந்த நோட்டுகளில் இலக்கணப் பிழைகள் இருந்தன. ‘டிவைடட் பை’ வர வேண்டிய இடத்தில் ‘இன்டு’ இருந்தது. திருத்தினேன். ஆனால் முப்பது பிள்ளைகளில் பெரும்பாலோர் தங்கள் தோட்டத்தின் பெயரை அன்றுதான் முதல்முறை கேட்டிருந்தார்கள். அந்த மாணவியின் தாத்தா, பெட்டியில் இருந்த கூட்டுறவுச் சங்கப் பங்குப் பத்திரத்தை எடுத்துக் காட்டினாராம். ‘இதை யாரும் கிழிச்சுப் பங்கு போடக் கூடாது’ என்றும் சொன்னாராம்.

நேயர்களே, நிலமோ சங்கமோ குடும்பமோ, எதைப் பிரிப்பதாக யார் சொன்னாலும், பிரித்த பிறகு முழுமை நிற்குமா என்று கேட்டுப் பாருங்கள். நிற்குமானால் அது பிரிவு. நில்லாதானால் அது துண்டாடல். உங்கள் வீட்டுப் பெரியவர்களிடம் தோட்டத்தின் பெயரை இன்றே கேட்டு எழுதி வையுங்கள்.